உள்ளே கற்ற தொழிலுக்கு வெளியே ஒரு மெஷின்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் தையல் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை)



தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டு, "புதுசா வந்திருக்கிற பவர் மெஷின் பத்திப் பத்து நிமிஷம் பேசும்மா" என்றுதான் சொன்னார். "அக்கா, இந்தத் தடவை ஜெயில்ல தையல் சொல்லிக் குடுத்ததைப் பத்திப் பேசட்டுமா?" என்று நான்தான் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "பேசு. ஆனா நம்ம பொம்பளைங்க கேக்கப் போற கேள்விக்கும் பதில் சொல்லிட்டு இறங்கு" என்றார். அந்தக் கேள்விகளுக்கும் வருகிறேன்.

நான் தையல் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்து 18 வருஷம் ஆகிறது. அதில் 6 வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு பெண்கள் தனிச்சிறைக்குள் போய் வகுப்பு எடுத்தேன். முதல் நாள் கிளம்பும்போது என் மாமியார், "அவளுக கையில கத்தரிக்கோலைக் குடுத்துட்டு நீ நடுவுல நிக்கப் போறியா?" என்று கேட்டார். உள்ளே போய்ப் பார்த்தால், கத்தரிக்கோலைக் காவலர் எண்ணிக் கொடுக்கிறார். வகுப்பு முடிந்ததும் எண்ணி வாங்கிப் பூட்டுகிறார். ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகளைக் காட்டினால்தான் புது ஊசி. நம்மில் திருப்பூர் கம்பெனிகளுக்குப் போய் வந்தவர்களுக்கு இது புதுசு இல்லை. ஏற்றுமதித் துணியில் ஊசித் துண்டு கிடந்துவிடக் கூடாது என்று அங்கேயும் உடைந்த ஊசிக்கு நோட்டு போட்டுக் கணக்கு வைக்கிறார்கள். ஒரு பெரிய கம்பெனியில் கேட்கிற ஒழுங்கு அந்தப் பெண்களுக்கு முதல் நாளிலிருந்தே பழக்கமாகி இருந்தது.

ஜெயிலில் இருப்பவர்கள் யார் என்பதை முதலில் சொல்கிறேன். உள்ளே இருக்கிற எல்லோரும் குற்றம் நிரூபணமானவர்கள் என்று நாம் நினைக்கிறோம். 2022-ஆம் வருஷக் கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். அதில் சுமார் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைச் சிறைவாசிகள். நாலு பேரில் மூணு பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. பெண்கள் மொத்தம் 23 ஆயிரத்துச் சொச்சம். நூறு பேரில் நாலு பேர்தான். ஆறு வயது வரை பிள்ளைகளை அம்மாவோடு வைத்துக்கொள்ளலாம் என்பதால், ஒன்றும் அறியாத குழந்தைகளும் உள்ளே வளர்கிறார்கள். என் வகுப்பில் மெஷின் காலடியில் ஒரு குழந்தை தூங்கும்; அம்மா மிதித்துக்கொண்டிருப்பாள்.

அடுத்து, ஜெயில் வேலை என்றால் என்ன? கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்த கதையை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். மாட்டைப் பூட்ட வேண்டிய இடத்தில், கப்பல் ஓட்டிய மனிதரைப் பூட்டினார்கள். அந்த வேலையின் நோக்கம் எண்ணெய் எடுப்பது மட்டும் இல்லை, ஆளை ஒடுக்குவது. அந்தக் காலத்து ஜெயிலில் கல் உடைப்பதும் செக்கிழுப்பதும் அதற்காகத்தான். வெளியே வந்த பிறகு அந்த வேலையை வைத்து யாரும் பிழைக்க முடியாது.

இப்போது நோக்கம் மாறியிருக்கிறது. துறையின் பெயரே சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. தண்டனைச் சிறைவாசி வேலை செய்தால் கூலி உண்டு. சிறைவாசி உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பங்கைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்க வழி செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் சொன்னது. தமிழ்நாட்டில் திறன் பெற்றவர், பாதித் திறன் பெற்றவர், திறன் இல்லாதவர் என்று தரம் பிரித்துக் கூலி கொடுக்கிறார்கள். தொழில் கற்றுக்கொண்டால் உள்ளேயே கூலி கூடும். விசாரணைச் சிறைவாசியை வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர் விரும்பினால் செய்யலாம், கற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு தீர்ப்பும் நமக்கு முக்கியம். பல மாநிலங்களின் சிறை விதிகளில், இன்ன சாதிக்காரர் சமைக்கலாம், இன்ன சாதிக்காரர் கூட்டிப் பெருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருந்தார்கள். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவை செல்லாது என்றது. கூட்டிப் பெருக்குகிற வேலையை மட்டுமே கொடுத்து வெளியே அனுப்பினால், அவள் எந்த வேலையைத் தேடிப் போவாள்? யாருக்கு எந்த வேலை என்பதைப் பிறப்பை வைத்து முடிவு செய்கிற இடத்தில் தொழிற்பயிற்சி என்ற பேச்சுக்கே அர்த்தம் இல்லாமல் போகிறது.

நம் மாநிலத்துச் சிறைகளில் நல்ல வேலைகளும் நடக்கின்றன. வேலூரில் ஷூ தைக்கிறார்கள். கோவையில் நெசவு உண்டு. திருச்சி மத்திய சிறைக்குள்ளேயே ஐ.டி.ஐ. நடக்கிறது. காவலர்களின் சீருடை சிறையில் தைக்கப்படுகிறது. சிறை அங்காடியில் சட்டை, சோப்பு, ரொட்டி என்று நாமே வாங்கலாம். புழலில் 2023-இல் பெண் சிறைவாசிகளே நடத்துகிற பெட்ரோல் பங்க் ஒன்றைத் திறந்தார்கள். அங்கே அவர்கள் வண்டிக்காரரிடம் பேச வேண்டும், மீட்டரைப் பார்க்க வேண்டும், காசு வாங்கி மீதி கொடுக்க வேண்டும், சாயங்காலம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், நான் சொல்லிக் கொடுத்த தையலில் இல்லாத ஒன்று அந்த பெட்ரோல் பங்கில் இருக்கிறது.

என் வகுப்பில் படித்த ஒரு பெண் சட்டைக் காலர் தைத்தால் கம்பெனிக்காரர் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அப்படி ஒரு சுத்தம். நாலு வருஷம் தைத்தாள். ஆனால் நாலு வருஷமும் காலர்தான். ஒருத்தி காலர், ஒருத்தி கை, ஒருத்தி பாக்கெட், ஒருத்தி பட்டன் ஹோல் என்று பிரித்தால்தான் நூறு சட்டை சீக்கிரம் முடியும். வேலை முடிய அது நல்ல ஏற்பாடு. அவள் வெளியே வந்து ஒரு கடை போட நினைத்தால் அது போதாது.

கடை போட என்ன வேண்டும் என்பது இங்கே இருக்கிற தையல்கார அக்காமார்களுக்குத் தெரியும். ஆளை நிற்க வைத்து அளவு எடுக்கத் தெரிய வேண்டும். உள்ளே எல்லாம் எழுதி வந்த அளவு. நாடாவைத் தோளில் போட்டு ஒரு வாடிக்கையாளரை அவர்கள் அளந்ததே இல்லை. துணியைப் பார்த்ததும், "இதுல கை நீளமா வராதுக்கா, இன்னும் கால் மீட்டர் வேணும்" என்று சொல்லத் தெரிய வேண்டும். கூலி எவ்வளவு என்று கூச்சப்படாமல் சொல்லத் தெரிய வேண்டும். தேதி சொன்னால் அந்தத் தேதியில் கொடுக்கத் தெரிய வேண்டும். ரவிக்கை பிடித்துப்போனால் சண்டை போடாமல் பிரித்துச் சரிசெய்து கொடுக்கத் தெரிய வேண்டும். இந்த ஐந்தும் தெரிந்தால்தான் தையல் தொழிலாகும். தைக்க மட்டும் தெரிந்தவள் இன்னொருவர் கொடுக்கிற வேலைக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதோடு காலமும் மாறிவிடுகிறது. 2015-இல் உள்ளே போய் 2023-இல் வெளியே வந்த ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். அவள் முடிந்து வைத்திருந்த பழைய 500 ரூபாய் நோட்டு செல்லாது. டீக்கடையில் எல்லோரும் போனைக் காட்டிக் காசு கொடுக்கிறார்கள். போனை எப்படித் திறப்பது என்றே அவளுக்குத் தெரியாது. ஆதார் அட்டையில் விரல் ரேகை புதுப்பிக்க வேண்டும், வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. வெளியே வந்த முதல் மாதம் இதற்கே போய்விடும். ஜாமீனில் வந்தவளாக இருந்தால் தினமும் காலையில் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், வாய்தாவுக்குக் கோர்ட்டுக்கும் போக வேண்டும். எட்டரை மணி ஷிப்டுக்கு வரச் சொல்கிற கம்பெனியில் அவளால் எப்படிச் சேர முடியும்?

என்னிடம் படித்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

ஒருத்தி ஓவர்லாக், பவர் மெஷின் இரண்டும் ஓட்டுவாள். கையில் பயிற்சிச் சான்றிதழ் இருந்தது. ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போனாள். டெஸ்ட் பீஸ் தைக்கச் சொன்னார்கள், தைத்தாள், சூப்பர்வைசர் தலையாட்டினார். அப்புறம் ஆபீஸ் ரூமில் சான்றிதழைப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற இடம் என்று சிறையின் பெயர் அதில் இருந்தது. "போன் பண்றோம்மா" என்றார்கள். போன் வரவில்லை. இரண்டு மூன்று இடத்தில் இப்படியே ஆனது. அதற்குப் பிறகு அவள் அந்தச் சான்றிதழை வெளியே எடுக்கவே இல்லை. இப்போது சித்தாள் வேலைக்குப் போகிறாள். மண் சுமக்கிற கையைப் பார்த்தால் எனக்கு அந்தக் காலர்தான் ஞாபகம் வரும்.

இன்னொருத்தி அவளைவிடச் சுமாராகத்தான் தைப்பாள். அவளுக்கு ஒரு நாத்தனார் இருந்தார். ஜெயிலுக்கு மனு போட்டுப் பார்க்க மாதம் தவறாமல் வந்த ஒரே ஆள் அவர்தான். வெளியே வந்ததும், "என் வீட்டுத் திண்ணையில மெஷின் கிடக்கு, உக்காந்து ஃபால்ஸ் அடி" என்று சொன்னார். முதலில் ஃபால்ஸ், ஊக்குப் பட்டி, கிழிந்ததைத் தைப்பது. தெருப் பெண்கள் முதலில் நாத்தனார் கையில்தான் துணியைக் கொடுத்தார்கள். ஆறேழு மாதம் போன பிறகு அவளிடமே கொடுத்தார்கள். இப்போது லைனிங் ரவிக்கை தைக்கிறாள், தீபாவளிக்கு முன்னால் போனால் தேதி கிடைக்காது.

இரண்டு பேருக்கும் ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார். வித்தியாசம் ஒரு திண்ணையும் ஒரு மெஷினும், "நான் இருக்கேன், துணியை என்கிட்ட குடுங்க" என்று சொன்ன ஒரு பெண்ணும். சிறைக்குள் எவ்வளவு நல்ல பயிற்சி கொடுத்தாலும், வெளியே முதல் வேலையைக் கொடுக்க ஒருவர் இல்லாவிட்டால் அது வீணாகிறது. எல்லாருக்கும் நாத்தனார் கிடைக்க மாட்டார். அந்த நாத்தனாராக நம் கூட்டமைப்பு இருக்க முடியுமா என்று கேட்கத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

முடியும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் நம் கதையேதான். 1989-இல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் ஆரம்பித்தபோது, "இவளுகளுக்கு எந்த பேங்க்ல கடன் குடுப்பான்?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஈடு வைக்க நம்மிடம் நகை இல்லை, பத்திரம் இல்லை. வாரம் தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவணை தவறாத திருப்பம், சரியான கணக்கு: இந்த ஐந்தையும் காட்டித்தான் நம்பிக்கை வாங்கினோம். பஞ்சசூத்திரம் என்று சொல்கிறோமே, அது முன்பின் தெரியாத ஆளை நம்புவதற்கான வழிதான். நமக்கு வேலை செய்த அதே வழி, வெளியே வருகிற அந்தப் பெண்ணுக்கும் வேலை செய்யும்.

நான் கேட்பது நாலு விஷயம்.

முதலாவது, நம் தையல் கூடம் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மெஷின். எல்லோருக்கும் உள்ள பீஸ் ரேட்தான் அவளுக்கும். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்தரை மணிக்கு வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பீஸ் கணக்கில் வேலை செய்தால் நமக்கு அதில் நஷ்டம் இல்லை.

இரண்டாவது, விடுதலை ஆவதற்கு முந்தின மூன்று மாதத்தில், துறையின் அனுமதி வாங்கி, நம் தையல்கார அக்காமார் இரண்டு பேர் உள்ளே போய் அந்த ஐந்து விஷயங்களைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அளவு எடுப்பது, துணிக் கணக்கு, கூலி சொல்வது, தேதி, திருத்தம். விசாரணைச் சிறைவாசி எப்போது வெளியே போவாள் என்று தெரியாது. அதனால் பாடத்தைச் சின்னச் சின்னதாக வைத்துக்கொள்ளலாம். உள்ளே பாதி படித்தால் வெளியே நம் கூடத்தில் மீதியை முடிக்கட்டும்.

மூன்றாவது, சான்றிதழ். ஏற்கெனவே தெரிந்த வேலையைச் சோதித்துப் பார்த்துச் சான்று கொடுக்கிற முறை மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் இருக்கிறது. நம் கூடத்தில் சில மாதம் தைத்தவளை அந்தத் தேர்வுக்கு அனுப்பலாம். சிறையில் கொடுக்கிற சான்றிதழிலும் பயிற்சியின் பெயரும் தரமும் இருந்தால் போதும், சிறை என்ற சொல் வேண்டாம் என்று கூட்டமைப்பின் சார்பில் ஒரு மனு எழுதலாம்.

நாலாவது, வாயைக் கட்டுவது. அவள் எங்கிருந்து வந்தாள் என்பது தலைவிக்கும் செயலாளருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். அவளாகச் சொன்னால் சொல்லட்டும். சிறையில் நல அலுவலர் இருக்கிறார், மாவட்டத்தில் நன்னடத்தை அலுவலர் இருக்கிறார். யாருக்கு விடுதலை நெருங்குகிறது, யார் நம் வட்டாரத்துக்கு வர விரும்புகிறார்கள் என்பதை அவர்கள் மூலமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது கேள்விகள். வட்டாரக் கூட்டங்களில் நீங்கள் என்னிடம் நேராகவே கேட்டவை.

"திருட்டுக் கேஸுல போனவளைப் பணம் புழங்குற இடத்துல எப்படி வைக்கிறது?" பணம் புழங்குகிற இடத்தில் வைக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன். நாம் யாரையும் சேர்ந்த அன்றே பொருளாளர் ஆக்குவதில்லை. அவளும் ஆறு மாதம் சேமிக்கட்டும், அப்புறம் சின்ன உள்கடன், அதைத் திருப்பியதும் அடுத்தது. கத்தரிக்கோலையும் நூல்கண்டையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவோம். அந்தப் பழக்கம் வந்தால் நம் கூடத்தில் காணாமல் போகிற பாபின்களும் மிச்சமாகும். (சிரிப்பு)

"அவளால பாதிக்கப்பட்ட குடும்பம் இதே ஊர்ல இருந்தா, அவங்க முகத்துல எப்படி முழிப்போம்?" இது நியாயமான கேள்வி, இதற்கு லேசான பதில் கிடையாது. அந்தக் குடும்பத்தின் கண்ணெதிரே அவளைக் கொண்டுவந்து உட்கார வைக்கக் கூடாது. ஒரு குழு மட்டும் இருந்தால் நமக்கு வேறு வழி இல்லை. கூட்டமைப்பாக இருப்பதால் வேறு வட்டாரத்துக் கூடத்தில் இடம் கொடுக்கலாம். பாதிக்கப்பட்ட குடும்பத்திலும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நாம்தான் முதலில் போய் நிற்க வேண்டும். அவர்கள் நம் உறுப்பினராக இருந்தால், அவர்களைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது.

கடைசிக் கேள்வியை ஒரு தங்கச்சி கேட்டாள். "ஒழுங்கா இருக்கிற எங்களுக்கே வருஷம் பூரா வேலை இல்லை. தப்புப் பண்ணினவளுக்கு எதுக்கு மெஷின்?" கேட்ட தங்கச்சி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவள் நிலைமை எனக்குத் தெரியும். அவளுக்கு நான் சொல்வது இது. உன் இடத்தை எடுத்து யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சீசனில் ஆர்டர் குவிந்து, தைக்க ஆள் இல்லாமல் வெளியே கொடுத்து வாங்குகிறோம். அந்த நேரத்தில் ஒரு நல்ல கை கூடினால் நம் எல்லோருக்கும் வேலை கூடும். இன்னொன்று, விசாரணையில் இருந்துவிட்டுக் குற்றமில்லை என்று விடுதலை ஆகிறவர்களும் உண்டு. அவள் செய்யாத தப்புக்கு அவளுக்கு வேலை மறுத்தால் அந்தப் பாவம் யாருக்கு? தப்புச் செய்தவளே ஆனாலும், தண்டனையை முடித்துவிட்டு இதே தெருவுக்குத்தான் வரப் போகிறாள். கையில் வேலையோடு வருகிறாளா, வெறும் கையோடு வருகிறாளா என்பது அவள் பிள்ளைகளுக்கும் தெருவுக்கும் பெரிய வித்தியாசம். அந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடுதான் ஒரே அங்கன்வாடியில் உட்காருகிறார்கள்.

அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் பல வருஷத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சிறைக்குள் கல்வியோ பயிற்சியோ பெற்றவர்கள் திரும்பவும் சிறைக்குப் போகிற வாய்ப்பு, பெறாதவர்களைவிட 43 சதவீதம் குறைவு என்று அதில் கண்டார்கள். அந்த நாட்டு நிலைமை வேறு, நம் நிலைமை வேறு. ஆனாலும் வேலை தெரிந்த கை தப்பான வழிக்குத் திரும்புவது குறையும் என்பது நம் பாட்டிகளுக்கும் தெரிந்த விஷயம்தான்.

இன்று மாலை பொதுக்குழுவில் ஐந்தாவது தீர்மானமாக இது வருகிறது. எல்லாத் தையல் கூடத்திலும் ஒரே நாளில் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏதாவது ஒரு கூடத்தில், ஒரு வருஷத்துக்கு, ஒரு மெஷின் ஒதுக்கிப் பார்ப்போம். வருஷக் கடைசியில் அவள் தைத்த பீஸ் எத்தனை, வாங்கிய கூலி எவ்வளவு, சேமித்தது எவ்வளவு, திரும்பி வந்த பழுது எத்தனை என்று மற்ற கணக்கைப் போலவே பொதுக்குழுவில் வைப்போம். சரியாக வரவில்லை என்றால் நிறுத்திவிடும் உரிமை உங்களுக்கு உண்டு. சரியாக வந்தால் அடுத்த வட்டாரத்துக்குப் போவோம். கை தூக்குகிறவர்கள் யோசித்துத் தூக்குங்கள். தூக்காதவர்கள் காரணத்தை எழுந்து நின்று சொல்லுங்கள். பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னுடையது.